ஓரத்தில் எழுதிய ‘ம.வி.’

காலை எட்டேகாலுக்கு அம்பத்தூர் நிலையத்தில் சென்ட்ரல் போகும் மின்ரயிலில் காலூன்ற இடம் கிடைக்காது. எதிர்ப்பக்கம் திருவள்ளூர் போகும் வண்டியில் ஜன்னலோரமே கிடைக்கும். இருபது வருடமாக அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, மடியில் துணிப்பையை அணைகொடுத்து, பென்சிலால் கட்டுரை திருத்திக்கொண்டு போகிறார் ஒரு தமிழ்ப் பேராசிரியை. திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி கடப்பதற்குள் இரண்டு கட்டுரை முடியும். கல்லூரியின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட ‘இந்து கல்லூரி’ நிலையம் வந்துவிட்டால் மூன்றாவதை மூடி வைக்க வேண்டும். இறங்கும் இடம் நெருங்கிவிட்டது என்று பொருள்.

பேனா வைத்திருப்பதில்லையா என்று கேட்டால் சிரிப்பார். பேனாவை எடுத்தால் கை மார்க் போடப் போய்விடுகிறதாம்.

ஆவடிக்கு அப்பால் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் அவருக்கு வேலை. மூன்றாமாண்டு மாணவர்கள் ஒவ்வொருவரும் பத்துப் பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ஒரு கருத்தை முன்வைத்து, சான்று காட்டி, எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்லி நிறுவ வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வருடப் பள்ளிப் பழக்கம் குறுக்கே நிற்கும். முன்னுரை என்று தலைப்பிட்டு அடிக்கோடு, ஒரு பழமொழி, பொருளுரையில் நான்கு உட்தலைப்பு, முடிவுரையில் ‘போற்றுவோம், காப்போம், உயர்வோம்’. பொதுத்தேர்வில் மதிப்பெண் வாங்கித் தந்த அச்சு அது. அந்த அச்சில் எதை வேண்டுமானாலும் வார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், அதில் யாரும் எதையும் மறுக்க வேண்டியதில்லை.

இன்னொரு பழக்கம் பட்டிமன்றத்திலிருந்து வருகிறது. வாதம் என்றால் தன் அணிக்காகப் பேசுவது, எதிரணியைக் கிண்டலடிப்பது, கைதட்டு வாங்குவது. எதிரணி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று மேடையில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கட்டுரையிலோ அந்த ஒப்புதல்தான் பாதி வேலை.

ஆரம்ப வருடங்களில் ‘பெண் கல்வி’, ‘சுற்றுச்சூழல்’ என்று பெரிய தலைப்புகளைத்தான் கொடுத்தார். அறுபது கட்டுரை வந்தால் அறுபதும் ஒரே கட்டுரையாக இருந்தது. இணையத்திலிருந்து எடுத்தவை பாதி. இப்போது கேட்டால் இயந்திரமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. மென்பொருள் அந்தச் சதவீதத்தைக் கணக்கிட்டுத் தந்துவிடும். எழுதியவர் சொன்னது நிற்குமா விழுமா என்று அது பார்க்காது. ஆகவே தலைப்பையே மாற்றினார்: ‘உங்கள் ஊர்ப் பெயருக்கு வழங்கும் விளக்கம் ஏற்கத்தக்கதா?’

இந்தப் பக்கத்துக்குப் பொருத்தமான கேள்வி. அம்பத்தூர்க்காரர்கள் தங்கள் ஊர் ஐம்பத்தோராவது சக்தித் தலம், ‘ஐம்பத்தோராம் ஊர்’ மருவித்தான் அம்பத்தூர் ஆயிற்று என்பார்கள். பூந்தமல்லிக்காரர்களிடம் பூவிருந்தவல்லி என்ற பெயரும், காஞ்சி வரதருக்கு இங்கிருந்து பூ கொண்டுபோன திருக்கச்சி நம்பியின் கதையும் உண்டு. ஆவடிக்குக் கதையே வேறு. ‘ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டெப்போ ஆஃப் இந்தியா’ என்பதன் முதலெழுத்துகள்தான் ஆவடி என்று ஆட்டோ ஸ்டாண்டு முதல் அலுவலகம் வரை சத்தியம் செய்வார்கள். எல்லா மாணவர்களுக்கும் ஒரு கருத்து இருக்கும். சான்று ரயில் தூரத்தில் கிடைக்கும்.

கனரக வாகனத் தொழிற்சாலையில் தந்தை வேலை பார்க்கும் ஒரு மாணவி இந்த ஆவடியைத்தான் எடுத்தாள். முதல் படி நான்கு நாளில் வந்துவிட்டது. முதலெழுத்துக் கதையை உண்மை என்று நிறுவி, அதற்குச் சான்றாக, 2021 அக்டோபர் 1 முதல் அந்த ஆலை ‘ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம்’ என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்ததையும், நிறுவனத்தின் தலைமையகம் ஆவடியிலேயே இருப்பதையும் எழுதியிருந்தாள். பெயரிலேயே முதல் இரண்டு எழுத்து ஒத்துப்போகிறதே!

பேராசிரியை ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதினார்: ‘ஆலை வந்தது எந்த வருடம்?’

“1961 மேடம்.”

“காங்கிரஸ் மாநாடு?”

பாடப்புத்தகத்தில் படித்ததுதான். சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறிய ஆவடி மாநாடு, 1955 ஜனவரி. ஆலைக்கு ஆறு வருடம் முந்தியது. ‘ஆவடி காங்கிரஸ்’ என்ற பெயரோடு அது நாடெங்கும் பத்திரிகையில் வந்துவிட்டது.

மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க அப்பா அங்கதான் மேடம் வேலை பாக்குறாரு. அவருக்குத் தெரியாதா?” என்றாள்.

“அப்பாவுக்கு டாங்கி தெரியும்மா. பேரு எப்ப வந்துச்சுன்னு அவருக்கு யார் சொன்னாங்க?”

இந்த இடத்தில் அவர் வகுப்பில் ஒரு படம் வரைவார். ஸ்டீபன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1958-இல் வெளியிட்ட ‘தி யூசஸ் ஆஃப் ஆர்க்யூமென்ட்’ நூலில், ஒரு வாதத்தைப் பாகம் பாகமாகக் கழற்றிக் காட்டினார். இந்தப் பக்கம் கூற்று, அந்தப் பக்கம் சான்று, இரண்டையும் பிணைக்கும் நியாயம் நடுவில். 2021-இல் ஒரு நிறுவனத்துக்கு வைத்த பெயர் சான்று. ஆவடி என்பது முதலெழுத்துச் சேர்க்கை என்பது கூற்று. நடுவில் பிணைப்பது என்ன? ஒன்றுமில்லை. சான்று உண்மை, அதனால் கூற்றும் உண்மை என்ற மயக்கம்தான் அங்கே இருந்தது.

இரண்டாவது படி வெற்றி முழக்கத்தோடு வந்தது. 1955 முந்தியது, 1961 பிந்தியது, ஆகவே கதை பொய், முற்றும். பேராசிரியைக்கு இது முதல் படியைவிடக் கவலை தந்தது. கதையை நம்புகிறவர் சும்மா இருப்பாரா? “ஆலையிலிருந்து வந்தது என்று நான் எங்கே சொன்னேன்? டெப்போ என்றுதானே சொன்னேன்” என்பார். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ராணுவம் ஆவடியில் கிடங்கு போட்டுவிட்டது. மாநாட்டுக்கும் முந்தியது அது. 1955 என்ற சான்று ஆலைக் கதையைத்தான் வீழ்த்துகிறது, கிடங்குக் கதையைத் தொடவே இல்லை.

எதிர்த்தரப்பை அதன் பலவீனமான இடத்தில் அடித்துவிட்டு ஜெயித்ததாகச் சொல்லும் இந்தப் பழக்கத்துக்கு அவர் வைத்திருக்கும் மருந்து 13ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரை இரண்டு பாகமாகச் செய்தார். பரபக்கம் முழுக்கப் பிறர் கொள்கைகளும் அவற்றுக்கு மறுப்பும். தன் கொள்கை சுபக்கத்தில்தான் வரும். அதே நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில், நூல் செய்கிறவர் எடுக்கக்கூடிய நிலைப்பாடுகள் ஏழு என்று வகைப்படுத்தினார். பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது அதில் ஒன்று. இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது இன்னொன்று. முதல் நாள் கரும்பலகையில் ஏழையும் எழுதிப் போட்டு, ‘உன் கட்டுரை இதில் எது?’ என்று கேட்பார். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரியாதவர்களின் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடையாது என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

நன்னூலின் பத்துக் குற்றங்களையும் அவர் சுருக்கெழுத்தாக்கி வைத்திருக்கிறார். பக்க ஓரத்தில் ‘கூ.கூ.’ என்றிருந்தால் கூறியது கூறல். ‘மா.கூ.’ என்றால் மாறுகொளக் கூறல். மூன்றாம் பக்கம் சொன்னதை ஏழாம் பக்கம் மறுக்கிறாய் என்று அர்த்தம். ‘ம.வி.’ மற்றொன்று விரித்தல். ‘செ.தே.’ சென்று தேய்ந்து இறுதல்: ஆரம்பத்தில் அடித்து ஆடிவிட்டுக் கடைசி ஐந்து ஓவரில் சுருண்டு விழும் இன்னிங்ஸ் என்று பையன்களுக்கு விளக்குவார். ஒரு வருடத்தில் அதிகம் விழுவது எது என்று எண்ணிப் பார்த்ததில்லை, ஆனால் பென்சில் அதிகம் தேய்வது ‘ம.வி.’யில்தான் என்கிறார்.

மாணவியை எழும்பூருக்கு அனுப்பினார். 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம் மாணவர்களுக்குப் பேருந்து நிறுத்தமாகத் தெரியும். உள்ளே போனவர்கள் குறைவு. இவருடைய ஆய்வுக் காலத்தில் ரோஜா முத்தையா நூலகம் முகப்பேரில் இருந்தது, வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வந்தார். இப்போது அது தரமணியில். “உங்க காலத்துல கொடுத்து வெச்சவங்க மேடம்” என்பார்கள் பிள்ளைகள்.

எதைத் தேடுவது? போருக்கு முன்பே ஆவடி என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே ரயில் கைகொடுத்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போனது. ரயில் இருந்தால் நிலையப் பட்டியல் இருக்கும், கால அட்டவணை இருக்கும். மூன்றாவது சனிக்கிழமை, போருக்கு முந்தைய ரயில்வே பட்டியல் ஒன்றில் தன் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு, நூலக வாசலிலிருந்தே போன் செய்தாள்.

“எந்த வருஷத்துப் பதிப்பு? பக்க எண்?” என்றார் பேராசிரியை.

பக்க எண்ணைக் குறிக்காமல் வந்திருந்தாள். திரும்ப உள்ளே போனாள்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு பழைய அவமானம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கருத்தரங்கில் திருமுல்லைவாயில் கோயிலைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். கல்வெட்டு ஒன்றை எண்ணோடு மேற்கோள் காட்டியிருந்தார். வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “அந்தக் கல்வெட்டை நீங்க பார்த்தீங்களாம்மா?” என்றார். பார்க்கவில்லை. வேறொருவர் புத்தகத்திலிருந்து எண்ணை எடுத்திருந்தார்; அந்த எண்ணுக்குரிய கல்வெட்டு வேறொரு ஊருடையது. அதற்குள் கட்டுரை மலரில் அச்சாகியும் இருந்தது. இன்றைக்கும் அந்த மலர் அவர் வீட்டு அலமாரியில் கடைசித் தட்டில் முதுகு தெரியாமல் திரும்பி இருக்கிறது.

நான்காவது படியில்தான் உண்மையான சண்டை. முதலெழுத்துக் கதை வீழ்ந்த தெம்பில் மாணவி தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்திருந்தாள். ஆ என்றால் பசு. ஆ, அடி இரண்டும் சேர்ந்தால் இடையில் வகர உடம்படுமெய் தோன்றி ஆவடி. இலக்கணம் பிசகவில்லை. பசுக்கள் மேய்ந்த இடம் என்று தொடங்கி, சங்க காலத்து ஆநிரை கவர்தல், முல்லை நிலம், பக்கத்திலுள்ள திருமுல்லைவாயில் பெயரிலும் முல்லை என்று மூன்று பக்கம் ஓடியது. அழகாகவே எழுதியிருந்தாள்.

மூன்று பக்கத்துக்கும் சேர்த்து ஓரத்தில் ஒரே நீளக் கோடு. பக்கத்தில் ‘ம.வி.’

“இலக்கணப்படி சரிதானே மேடம்?”

“சரி. அப்படி வந்திருக்கலாம். அப்படித்தான் வந்துச்சுன்னு எது காட்டுது?”

ரயில்வே பட்டியல் பெயரின் வயதைக் காட்டுகிறது, பொருளைக் காட்டவில்லை. முதலெழுத்துக் கதையை ‘சான்று எங்கே’ என்று கேட்டு மறுத்தவள், தன் விளக்கத்துக்கு அதே கேள்வியைப் போடவில்லை. ரா.பி. சேதுப்பிள்ளை 1946-இல் ‘ஊரும் பேரும்’ எழுதிய பிறகு, தமிழில் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி ஆசைக்குரிய துறையாகிவிட்டது. சொல்லைப் பிரித்தால் பொருள் கிடைத்துவிடும் என்ற ஆசை. பிரித்துக் கிடைப்பது ஊகம். கல்வெட்டிலோ பழைய ஆவணத்திலோ முன்வடிவம் கிடைத்தால்தான் அது முடிவாகும்.

அன்று மாலை துறை அறை மேஜையில் கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. பழைய பத்திரிகைகளை நான்காக வெட்டி, அச்சில்லாத பக்கத்தில் எழுதுவது அவர் வழக்கம். கட்டுரையின் ஒவ்வொரு பத்தியையும் ஒரே வரியில் ஒரு துண்டில் எழுதச் சொன்னார். பத்தொன்பது பத்தி, பத்தொன்பது துண்டு. மேஜையில் வரிசையாகப் பரப்பியதும் மாணவியே கண்டுபிடித்தாள்: மூன்றாவதும் பதினொன்றாவதும் ஒரே செய்தி. ஆலை வந்த வருடம் எட்டாவது துண்டில் வருகிறது. அதை நம்பி வாதம் நான்காவது துண்டிலேயே தொடங்கிவிட்டது. இரண்டு துண்டில் ஒரு வரியாக எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை. அவை பத்திகளே அல்ல, ‘ஆவடி வரலாற்றுச் சிறப்புமிக்க நகரம்’ என்ற வகைத் தோரணம்.

துண்டுகளை நகர்த்தினார்கள். முதலில் கதை என்ன, யார் நம்புகிறார்கள், ஏன் நம்பத் தோன்றுகிறது. ஆலையும் கிடங்கும் ஊரின் முகமாகிவிட்டன என்ற நியாயம் அங்கே முழுதாகச் சொல்லப்பட்டது. அடுத்து ஆலைக் கதை, அதற்கு எதிராக 1955. அடுத்து கிடங்குக் கதை, அதற்கு எதிராக ரயில்வே பட்டியல். ஆநிரை மேய்ந்த மூன்று பக்கம் ஒரே பத்தியாகச் சுருங்கி, ‘இலக்கணப்படி இயலும், சான்று கிடைக்கவில்லை’ என்ற அளவில் நின்றது. மிச்சத் துண்டுகளை மாணவி குப்பையில் போடவில்லை, ரப்பர் பேண்டு போட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

பெரிய மாற்றங்கள் முடியும்வரை வாக்கியத்தில் கைவைக்க விடமாட்டார். இது அப்பாவிடம் கற்றது. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவர் அப்பா ஒரு சிறிய பட்டறையில் டர்னர். முதலில் ரஃப் கட், அளவு வந்த பிறகுதான் ஃபினிஷிங். அளவு தப்பிய ஜாப்புக்கு எமரி போட்டு மினுக்குகிற அப்ரெண்டிஸைப் பார்த்தால் அப்பாவுக்குக் கோபம் வரும். கூற்றே சரியில்லாத கட்டுரையில் சந்திப்பிழை திருத்துவதும் அந்த எமரி வேலைதான் என்பது மகளின் கட்சி.

ஃபினிஷிங் கட்டத்தில் கட்டுரையை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று முடியும் வாக்கியங்களில் அந்த வாலை நறுக்குவார், குறிப்பிடத்தக்கதால்தானே குறிப்பிட்டாய்? ‘என்றால் அது மிகையாகாது’ வந்தால் பெரும்பாலும் அது மிகைதான். ‘நாம் அனைவரும் அறிந்ததே’ என்ற தொடருக்கு அடியில் ஒரு சான்று ஒளிந்திருக்க வேண்டும், அல்லது ஒன்றுமே இருக்காது.

அவர் மிகவும் பயப்படும் சொல் ‘தான்’.

பூந்தமல்லிப் பக்கத்து மாணவன் ஒருவன் 2015 வெள்ளத்தை எடுத்திருந்தான். செம்பரம்பாக்கம் அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். 3,645 மில்லியன் கனஅடி கொள்ளும் ஏரி; டிசம்பர் 1 அன்று நொடிக்கு 29,000 கனஅடிவரை திறந்துவிடப்பட்டது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அதை மனிதத் தவறால் வந்த பேரிடர் என்றே சொன்னது. இவ்வளவையும் ஒழுங்காக அடுக்கிவிட்டு, ‘செம்பரம்பாக்கத்தைத் திறந்ததால்தான் அடையாற்றங்கரை மூழ்கியது’ என்று கூற்றை வைத்திருந்தான்.

பேராசிரியை அவனை ஒரு வரைபடம் கொண்டுவரச் சொன்னார். ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. அதற்கு மேலே, ஆறு வரும் வழியில் இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த வெள்ளத்தில் மூழ்கின. செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அங்கே ஏறிப் போயிருக்காது. அங்கே வந்தது தாம்பரம் சுற்றுவட்டத்தில் கொட்டிய மழையும், நிரம்பி வழிந்த மற்ற ஏரிகளின் நீரும். பையன் வரைபடத்தில் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தான். கூற்றை முழுக்க மாற்ற வேண்டியதில்லை. ‘திறந்ததால்தான்’ என்பதை ‘திறந்ததும்’ ஆக்கி, எந்த இடத்துக்குக் கீழே என்று எல்லை குறித்தான். முன்பு கேட்டவுடன் மறுக்க முடிந்த கட்டுரை, இப்போது மறுக்க நினைப்பவரை வரைபடம் தேட வைத்தது. கூற்று சின்னதாகிவிட்டதே என்று அவனுக்கு வருத்தம். எரிந்து பேச முடியவில்லை என்ற வருத்தமாகவும் இருக்கலாம். அவன் வீட்டுச் சுவரில் அந்த வருடத்துத் தண்ணீர்க் கோடு இன்னும் இருக்கிறது.

ஆவடிக் கட்டுரை ஐந்தாவது படியில் ஏற்கப்பட்டது. தலைப்பிலிருந்த ஆச்சரியக்குறி போயிருந்தது. கடைசிப் பத்தியில் ‘எனவே நாம் ஊர்ப் பெயர்களைப் போற்றுவோம்’ மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்திருந்தது; பழைய அச்சு அவ்வளவு சுலபத்தில் போகாது. 20-க்கு 17. கழிந்த மூன்றில் ஒன்று அந்த வாக்கியத்துக்கு.

மறுவாரம் மாணவி துறை அறைக்கு வந்தாள். அப்பா கட்டுரையைப் படித்திருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் ஆலைக்கு எடுத்துப்போய் கேன்டீனில் காட்டியிருக்கிறார். மேஜையில் இருந்தவர்களில் ஒருவர் வேறொரு விரிவு சொன்னாராம், இன்னொருவர் மூன்றாவதாக ஒன்று. அப்பா அவற்றைத் தேநீர் டோக்கனின் பின்பக்கம் குறித்துக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

“மேடம், டெப்போவுக்கு முன்னாடியே பேரு இருந்துச்சுன்னு ஆயிடுச்சு. அப்ப இந்த விரிவெல்லாம் எப்ப வந்துச்சு? யார் முதல்ல சொன்னாங்க?”

பேராசிரியை டோக்கனை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “இதைச் சொன்னவங்க ஆலையில எந்த வருஷம் சேர்ந்தவங்க? அவங்களுக்கு யார் சொன்னாங்கன்னு கேட்டாரா அப்பா?”

கேட்கவில்லை. மாணவி டோக்கனைத் திரும்ப வாங்கி, ரப்பர் பேண்டு போட்ட துண்டுகளோடு செருகிக்கொண்டு, 4.40 வண்டிக்கு ஓடினாள். அப்பாவுக்கு அன்று இரவு ஷிஃப்ட். கிளம்புவதற்குள் பிடிக்க வேண்டும்.